கணினியோடு வந்த விண்டோஸை வேறு கணினிக்குக் கொண்டுபோகலாமா? புதியவர்களுக்கான வழிகாட்டி

விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் ஏறத்தாழ 2018 முதல் வந்த செயலியும் பழைய கணினிகள் பலவற்றில் இல்லாததால், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் சிறுகடை வைத்திருப்பவர்களும் வேறொரு கணினிக்கு, பெரும்பாலும் பாவித்த மடிக்கணினி ஒன்றுக்கு, மாறிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது கல்முனையிலும் காத்தான்குடியிலும் செங்கலடியிலும் கணினி திருத்துபவர்களிடம் ஒரே கேள்வி கேட்கப்படுகிறது: "பழைய லெப்டொப்பில இருக்கிற ஒரிஜினல் விண்டோஸ இதுக்கு மாத்தித் தர ஏலுமா?"

அந்த விண்டோஸ் கணினியோடு சேர்ந்து தொழிற்சாலையிலிருந்தே வந்ததாயின், அதை வேறு கணினிக்கு மாற்ற உரிம உடன்படிக்கை இடங்கொடுப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அந்த மாற்றம் தேவைப்படுவதும் இல்லை, ஏனெனில் அவர்கள் வாங்கிய பாவித்த கணினியே தனக்கென ஓர் உரிமத்தைத் தாய்ப்பலகையில் சுமந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமலேயே போமட் செய்து, உடைத்த விண்டோஸ் (உரிமமில்லாமல் இயங்க வைத்தது) ஒன்றைப் போட்டுவிடுவதுதான் நம் ஊர்களில் அதிகம் நடக்கிறது. ஆகவே எதையும் அழிப்பதற்கு முன் இரண்டு கணினிகளிலும் எந்த வகை உரிமம் இருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்று வகை உரிமங்கள்

முதலாவது, கணினி தயாரிப்பாளர் வழியாக வரும் ஓஈஎம் உரிமம். டெல், எச்பி, லெனோவோ, ஏசர், ஆசுஸ் போன்ற நிறுவனங்கள் விண்டோஸை நிறுவி விற்கும் கணினிகளில் இருப்பது இதுவே. மோட்டார் சைக்கிளின் செசி இலக்கத்தைப் போல இது அந்த ஒரு பொருளுக்கு உரியது. உரிமையாளர் மாறலாம், ஆனால் அது இன்னொரு பொருளுக்குத் தாவாது. விண்டோஸ் 10இன் உரிம உடன்படிக்கை இதனை நேரடியாகவே சொல்கிறது: முன்நிறுவப்பட்ட மென்பொருளை இன்னொருவருக்குக் கொடுக்க விரும்பினால், அந்தக் கணினியோடு சேர்த்தே கொடுக்கலாம், சாவி அச்சிட்ட விண்டோஸ் ஒட்டுச்சீட்டு இருந்தால் அதுவும் கூடவே போக வேண்டும். விண்டோஸ் 7 அல்லது 8இலிருந்து இலவசமாக 10இற்கு உயர்த்திக்கொண்டவர்களுக்கும் இதே விதிதான். ஆரம்ப உரிமம் கணினியோடு வந்ததாயின், உயர்த்தியதால் அது கைமாறும் தன்மையைப் பெற்றுவிடுவதில்லை. கடையில் உதிரிப் பாகங்களைக் கொண்டு பொருத்தித் தந்த மேசைக்கணினியில், கணினி பொருத்துபவர்களுக்கென விற்கப்படும் சிஸ்டம் பில்டர் உரிமம் போட்டிருந்தால், அதுவும் முதலில் நிறுவிய கணினியோடேயே நிற்கும்.

இரண்டாவது, தனியாகக் காசு கொடுத்து வாங்கிய சில்லறை உரிமம். இது உங்களுடைய வேறொரு கணினிக்கு மாறலாம். ஒரு நேரத்தில் ஒரு கணினியில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மூன்றாவது, பல்கலைக்கழகங்கள், திணைக்களங்கள், வங்கிகள் போன்றவை மொத்தமாகப் பெறும் தொகுதி உரிமம். இது அந்த நிறுவனத்துக்குச் சொந்தமானது. நிறுவனம் கழித்து விற்ற கணினியை நீங்கள் வாங்கினாலும், அதில் ஓடிக்கொண்டிருந்த தொகுதி உரிமம் உங்களுக்கு வந்து சேராது.

எந்த வகை என்று பார்ப்பது

பழைய கணினி இன்னும் இயங்குகிறதாயின், விசைப்பலகையில் விண்டோஸ் விசையை அழுத்திப் பிடித்தபடி ஆர் விசையைத் தட்டுங்கள். இடது கீழ்மூலையில் சிறு பெட்டியொன்று திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துத் தட்டச்சிட்டு, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு ஒன்றை இட்டு, அதனோடு ஒட்டினாற்போல் டி, எல், ஐ என்ற மூன்று எழுத்துகளையும் இட்டு, என்டர் விசையை அழுத்துங்கள். சில விநாடிகள் தாமதித்தே ஒரு சாளரம் தோன்றும். வரவில்லையே என்று திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம்.

அச்சாளரத்தின் இரண்டாவது வரியில் சேனல் என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓஈஎம் என்று தொடங்கினால் அது கணினியோடு பிணைந்த உரிமம். குறிப்பாக, ஓஈஎம் என்பதை அடுத்து ஓர் அடிக்கோடும் டிஎம் என்ற எழுத்துகளும் வந்தால், உரிமச் சாவி தாய்ப்பலகையிலுள்ள ஃபேர்ம்வெயர் என்ற அடிப்படை மென்பொருளிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ரீட்டெயில் என்றிருந்தால் பெரும்பாலும் அது சில்லறை உரிமம். இங்கே ஒரு சிக்கல் உண்டு: இலவசமாக உயர்த்தப்பட்ட விண்டோஸ் 10உம் சில வேளைகளில் ரீட்டெயில் என்றே காட்டும். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பாமல், சாவியை வாங்கியதற்கான பற்றுச்சீட்டு, பெட்டி அல்லது மின்னஞ்சல் உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றும் இல்லையெனில், அது கணினியோடு வந்ததே என்று எடுத்துக்கொள்வதுதான் நேர்மையானது.

வொல்யூம் என்று தொடங்கி கேஎம்எஸ் என்ற எழுத்துகள் தொடர்ந்தால், கணினி ஏதோ ஒரு நிறுவனத்தினுடையது, அல்லது யாரோ உடைத்த விண்டோஸைப் போட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன கட்டளையில் கடைசி மூன்று எழுத்துகளுக்குப் பதிலாக எக்ஸ், பி, ஆர் என்று இட்டுப் பாருங்கள். உரிமம் எப்போது காலாவதியாகும் என்று திகதியோடு காட்டும். கேஎம்எஸ் முறையில் இயங்கும் விண்டோஸ் 180 நாட்களுக்குள் தன் நிறுவனத்தின் வழங்கியோடு (சேர்வரோடு) தொடர்புகொண்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. வீட்டில் இருக்கும் கணினி ஒன்றுக்கு அப்படியான வழங்கி எதுவும் இல்லை; அதனால்தான் உடைத்துப் போடுபவர்கள் பின்னணியில் ஒரு போலி வழங்கியை ஓடவிடுகிறார்கள், அதற்காக வைரஸ் தடுப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். வங்கிக் கணக்குக்குள் நுழையும் கணினியில் அப்படியொன்றை ஓடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய கணினி இயங்கவில்லையாயின், அதன் உடம்பைப் பாருங்கள். விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகளில் அடிப்புறத்திலோ பற்றரி இருக்கும் குழிக்குள்ளோ, மேசைக்கணினிகளில் பெட்டியின் பக்கவாட்டிலோ, 25 எழுத்துகள் கொண்ட சாவியுடன் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அந்தச் சீட்டு இருந்தாலே அது ஓஈஎம் உரிமம். 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல் பெரிய தயாரிப்பாளர்கள் சாவியை அச்சிடுவதை விட்டுவிட்டு ஃபேர்ம்வெயருக்குள் பதிக்கத் தொடங்கினார்கள். அதனால் சாவியில்லாத சிறிய விண்டோஸ் முத்திரை மட்டுமே வெளியில் தெரியும்.

பழைய சீட்டுகளைப் பற்றி இன்னுமொன்று. விண்டோஸ் 7 சாவியைக் கொண்டு 10ஐ இயக்கலாம் என்று பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். இலவச உயர்த்தல் 2016 ஜூலை 29ஆம் திகதியே முடிந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தும், அந்தக் கதவு ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடந்தது உண்மைதான். 2023 செப்டெம்பரில் அதனை மைக்ரோசொஃப்ட் அடைத்துவிட்டது. இன்று அந்தச் சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டுவந்து புதிய கணினியில் தட்டச்சிடுவதால் பயனில்லை.

வாங்கிய கணினியின் சொந்த உரிமத்தை எழுப்புவது

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலானவர்கள் நாடவேண்டும். கொழும்பிலிருந்து தருவிக்கப்படும் பாவித்த அலுவலக மடிக்கணினிகளும், கட்டார், சவூதி போன்ற நாடுகளிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் மடிக்கணினிகளும், பெயர்பெற்ற நிறுவனத் தயாரிப்பாக இருந்து விண்டோஸ் 10 அல்லது 11உடன் வெளிவந்தவையாயின், ஃபேர்ம்வெயரில் சொந்தச் சாவியோடு இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. விண்டோஸ் இல்லாமலேயே விற்கப்பட்ட மலிவு மாதிரிகள் விதிவிலக்கு. அவற்றில் சாவி இராது.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், விண்டோஸில் ஹோம், ப்ரோ எனப் பதிப்புகள் இருப்பதில்தான். ஃபேர்ம்வெயரில் இருப்பது ஹோம் சாவியாக இருக்கலாம். கடையில் எல்லாருக்கும் ஒரே யூஎஸ்பியிலிருந்து ப்ரோ பதிப்பைப் போட்டுவிடுவார்கள். ஹோம் சாவி ப்ரோவைச் செயற்படுத்தாது (அக்டிவேட் செய்யாது). உடனே "இதுக்கு ஒரிஜினல் இல்ல" என்று முடிவுகட்டி, உடைக்கும் மென்பொருள் ஒன்றை ஓட்டிவிடுவார்கள். ஹோம் பதிப்பையே போட்டிருந்தால், இணையத்தோடு இணைத்தவுடன் ஒரு சதமும் செலவில்லாமல் அது தானாகச் செயற்பட்டிருக்கும். ஆகவே கடைக்குக் கொடுக்கும்போதே, "தம்பி, இந்த லெப்டொப்போட வந்தது ஹோமா ப்ரோவா எண்டு பாருங்க, அதையே போட்டுத் தாங்க" என்று கேளுங்கள். நல்ல திருத்துநர் இதற்காகக் கோபிக்க மாட்டார்.

நீங்களே செய்வதாயின், குறைந்தது 8 ஜிகாபைட் கொள்ளளவுள்ள வெற்று யூஎஸ்பி ஒன்றும், இயங்கும் விண்டோஸ் கணினி ஒன்றும் தேவை. மைக்ரோசொஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் என்ற சிறு மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். அது பல ஜிகாபைட் தரவை இறக்கும் என்பதால், இரவு நேர டேட்டா உள்ளவர்கள் அதற்கென ஓர் இரவை ஒதுக்குவது நல்லது. இறக்கி முடிந்ததும் யூஎஸ்பி நிறுவலுக்குத் தயாராகிவிடும். புதிய கணினியின் வலையமைப்பு ட்ரைவரையும் (வைஃபை பாகத்தை இயக்கும் சிறு மென்பொருளையும்) அதன் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து அதே யூஎஸ்பியில் ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 ஹோம் நிறுவலின் நடுவில் இணைய இணைப்பைக் கேட்கும்போது வைஃபை தெரியாமல் பலர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

வன்தட்டிலுள்ள கோப்புகளைப் பிரதியெடுத்துவிட்டு, யூஎஸ்பியைச் செருகிக் கணினியைத் தொடக்குங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரிவுசெய்யும் பூட் பட்டியலுக்கான விசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டெல்லிலும் லெனோவோவிலும் பொதுவாக எஃப் 12, எச்பியில் எஃப் 9. நிறுவல் தொடங்கியபின் நடப்பதைக் கவனியுங்கள். சாவியையோ பதிப்பையோ கேட்காமல் நேரே உடன்படிக்கைப் பக்கத்துக்குப் போனால், ஃபேர்ம்வெயரில் சாவி இருக்கிறது, அதற்குரிய பதிப்பையே அது தெரிந்துகொண்டது என்று பொருள். சாவியைக் கேட்டால், அநேகமாக அக்கணினிக்குப் பதிந்த சாவி இல்லை. இதைச் சோதித்துப் பார்க்க நிறுவலை முடிக்கவேண்டும் என்பதில்லை. தட்டை அழிக்கும் கட்டத்துக்கு முன்பே மின்விசையை அழுத்தி நிறுத்திவிடலாம்.

வளைகுடாவிலிருந்து வந்த சில மடிக்கணினிகளில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற பதிப்பு இருக்கும். திரையில் எல்லாம் அரபில் இருக்க, அமைப்புகளுக்குள் போய் ஆங்கிலத்துக்கு மாற்ற முயன்றால் ஒரு மொழிக்கே அனுமதி என்று மறுத்துவிடும். அதற்காக ப்ரோவைப் போடத் தேவையில்லை. மேலே சொன்னவாறு ஆங்கில நிறுவல் யூஎஸ்பியைக் கொண்டு புதிதாக நிறுவினால், அதே உரிமம் ஆங்கிலத்தில் எழுந்துவிடும். விசைப்பலகையில் அச்சிட்ட அரபு எழுத்துகள் மட்டும் அப்படியே இருக்கும்.

நிறுவல் முடிந்ததும் அமைப்புகளுக்குள் சென்று, விண்டோஸ் 11இல் சிஸ்டம் என்ற பகுதியில் அக்டிவேஷன் என்பதைத் திறந்து பாருங்கள். செயற்பட்டிருப்பதாகக் காட்டினால் உங்கள் வேலை முடிந்தது. பழைய கணினியின் உரிமத்தை மறந்துவிடலாம்.

சில்லறை உரிமத்தை மாற்றும் முறை

உங்களிடம் இருப்பது உண்மையிலேயே சில்லறை உரிமமாயின், பழைய கணினியைப் போமட் செய்வதற்கு முன் இரண்டு வேலைகள் செய்யுங்கள். சாவியின் 25 எழுத்துகளையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் வாங்கியவர்கள் தம் கணக்கின் கொள்வனவு வரலாற்றில் பார்க்கலாம். பிறகு பழைய கணினியில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து, அக்டிவேஷன் பக்கத்தில் உரிமம் அக்கணக்கோடு இணைக்கப்பட்டிருப்பதாக வாசகம் வரும்வரை பொறுத்திருங்கள். இந்த இணைப்பு வசதி 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1607 முதல் உள்ளது.

அடுத்து, பழைய கணினியிலிருந்து சாவியைக் கழற்ற வேண்டும். தொடக்கப் பட்டியலில் கமாண்ட் ப்ரொம்ப்டைத் தேடி, வலது சொடுக்கில் நிர்வாகியாக இயக்கும் தெரிவைச் சொடுக்குங்கள். அதில் முன்போலவே எஸ், எல், எம், ஜி, ஆர், இடைவெளி, முன்சாய்கோடு என்று இட்டு, இம்முறை யூ, பி, கே என்று முடியுங்கள். சாவி அகற்றப்பட்டதாக ஒரு செய்தி வரும். இது அந்தக் கணினியில் மட்டும் நடக்கும் மாற்றம். மைக்ரோசொஃப்ட்டின் வழங்கிக்கு எந்த அறிவித்தலும் போகாது. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒரு கணினி என்ற நிபந்தனையை நீங்கள் கடைப்பிடித்தவராவீர்கள்.

புதிய கணினியில் சாவிக்குரிய அதே பதிப்பை நிறுவுங்கள். விண்டோஸ் 10இன் சில்லறைச் சாவி 11இன் அதே பதிப்பையும் செயற்படுத்தும். அக்டிவேஷன் பக்கத்தில் சாவியை மாற்றும் பொத்தானைச் சொடுக்கி, எழுதி வைத்ததை இடுங்கள். ஏற்க மறுத்தால், அதே மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து, அதே பக்கத்திலுள்ள ட்ரபிள்ஷூட் என்பதைச் சொடுக்குங்கள். அண்மையில் வன்பொருளை மாற்றியதாகப் பொருள்படும் வரியைத் தெரிந்தால் உங்கள் கணக்கிலுள்ள கணினிகளின் பட்டியல் வரும். அதில் பழைய கணினியைத் தெரிந்து செயற்படுத்தலாம். அதுவும் தோல்வியுற்றால் பற்றுச்சீட்டோடு மைக்ரோசொஃப்ட் ஆதரவுப் பிரிவை நாடுவதே வழி. அடிக்கடி இடம்மாற்றப்படும் சாவியை வழங்கி ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் சாவிகள் பற்றியும் சொல்ல வேண்டும். பயன்படுத்திய மென்பொருள் உரிமங்களை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலையில் அளித்த தீர்ப்பைச் சில விற்பனையாளர்கள் தமக்குச் சாதகமாகக் காட்டுவார்கள். அத்தீர்ப்பு ஒன்றிய நாடுகளுக்குரியது. அங்கேயும் முதலாவது உரிமையாளர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாததாக்க வேண்டும். இலங்கையில் கணினி நிரல்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகின்றன. அதற்குமேல் நீங்கள் ஏற்றுக்கொண்ட உரிம உடன்படிக்கையும் இருக்கிறது. மலிவுச் சாவிகளில் பல, எங்கோ ஒரு நிறுவனத்தின் தொகுதி உரிமத்திலிருந்து கசிந்தவை. இன்று வேலை செய்யும். அந்நிறுவனத்தின் சாவி தடைசெய்யப்படும் நாளில் நின்றுவிடும்.

தட்டை மட்டும் கழற்றிப் பூட்டுபவர்களுக்கு

பழைய கணினியின் எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதியதில் பூட்டினால் உரிமமும் கூடவே வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கோப்புகள் வரும், ஓஈஎம் உரிமம் வராது. விண்டோஸ் எழுந்தபின், புதிய கணினியின் ஃபேர்ம்வெயரில் அதே பதிப்புக்கான சாவி இருந்தால் செயற்பட்டதாகவே காட்டும், ஆனால் அது புதிய கணினியின் சொந்த உரிமத்தால் நடப்பது. தட்டைக் கழற்றுவதற்கு முன் பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற, தட்டிலுள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி இயங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்த புதிய மடிக்கணினிகளில் இது கேட்காமலேயே இயக்கப்பட்டிருக்கலாம். இயங்கினால், வேறு கணினியில் அத்தட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும்; முன்பே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். சாவியில்லாமல் அத்தட்டைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் ஏலாது.

தாய்ப்பலகை எரிந்தால்

ஒக்டோபர், நவம்பரில் வாடைக்காற்றுக்கு முந்திய பிற்பகல்களில் கிழக்கில் விழும் இடியும் மின்னலும் மின்கம்பி வழியாகவோ தொலைபேசிக் கம்பி வழியாகவோ வந்து தாய்ப்பலகையை எரித்துவிடுவது புதிதல்ல. பழுதான பலகைக்குப் பதிலாகத் தயாரிப்பாளரின் அதே பலகையோ, அவர் தந்த நிகரான பலகையோ பொருத்தப்பட்டால் உரிமம் தொடர்கிறது. உத்தரவாதக் காலத்துக்குள் தயாரிப்பாளரின் சேவை நிலையத்திலேயே மாற்றுவது நல்லது, அங்கே பழைய சாவியைப் புதிய பலகையில் பதித்துத் தரும் வசதி உண்டு. வேகம் கூட்டுவதற்காக விரும்பி மாற்றும் பலகை, உரிமத்தைப் பொறுத்தவரை, புதிய கணினியாகவே கொள்ளப்படுகிறது.

பழையதைக் கொடுக்கும்போது

உரிமம் கணினியோடு போகும் என்பது விற்பவருக்குச் சாதகமான விடயம். அக்கரைப்பற்றில் விற்கும் மடிக்கணினிக்கு ஒரிஜினல் ஹோம் உரிமம் உண்டு என்று அக்டிவேஷன் பக்கத்தைக் காட்டியே விலை பேசலாம். கொடுப்பதற்கு முன் அமைப்புகளில் ரிக்கவரி பகுதிக்குச் சென்று, கணினியை மீளமைக்கும் தெரிவில் எல்லாவற்றையும் அகற்றுவதைத் தெரிந்து, தட்டைத் துப்புரவாக்கும் வசதியையும் இயக்குங்கள். பிறகு இணையத்தில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கின் சாதனங்கள் பட்டியலிலிருந்து அக்கணினியை நீக்குங்கள். இதனால் ஃபேர்ம்வெயரிலுள்ள உரிமம் கெடாது. அடிப்புறத்திலுள்ள சீட்டை உரித்தெடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். அது வாங்குபவருக்கு உரியது.

எம்எஸ் ஒஃபிஸுக்கு உரிமம் தனி. கணினியோடு முன்நிறுவப்பட்டு வந்த ஒஃபிஸ் பொதுவாக அந்தக் கணினிக்கே உரியது. மாதச் சந்தா கட்டும் மைக்ரோசொஃப்ட் 365 ஆக இருந்தால், பழைய கணினியில் வெளியேறிவிட்டுப் புதியதில் உள்நுழைந்தாற் போதும். புதிய கணினியில் விண்டோஸ் உரிமமே இல்லை, வாங்கவும் கையில் காசில்லை என்பவர்கள் விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளங்களாகிய லினக்ஸ் மின்டையோ உபுண்டுவையோ கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம். தமிழ் யூனிகோட் தட்டச்சும் லிப்ரே ஒஃபிஸும் அவற்றில் கிடைக்கும். நிறுவுவதற்கு முன் யூஎஸ்பியிலிருந்தே ஓட்டி, வைஃபையும் உங்கள் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.